இடதுபக்க ஹேண்ட்கார்டு

மூன்றாவது கியரில்தான் வரும் அந்தச் சத்தம்.
நாற்பதைத் தொட்டால் கடகட,
ஐம்பதில் நின்றுவிடும்.
பேப்பர் மில்ஸ் ரோட்டில் ஐம்பது போக
யாருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது.

வண்டி செகண்ட் ஹேண்ட்.
பனிமலைக்குப் போவதற்கென்று
முன்னாள் ஓனர் மாட்டிய கார்டுகள்.
போகவில்லை. கல்யாணம் ஆகிவிட்டதாம்.
பறக்கும் கல்லுக்கும் குளிர்காற்றுக்கும் வாங்கியவை
என்னிடம் வந்து
பஸ்ஸின் விலாவுக்கும்
ஷேர் ஆட்டோவிலிருந்து நீளும் முழங்கைகளுக்கும்
பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

கைதான் எனக்குச் சோறு.
விடிவதற்குள் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு
அயனாவரம், ஓட்டேரி, புரசை என்று
வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம்
ரத்தம் எடுத்துவருகிறவள்.
போன ஐப்பசியில் ஒரு கண்ணாடி உரசி
விரல்முட்டி பெயர்ந்தது.
பத்து நாள் எந்த வீட்டு மணியையும் நான் அடிக்கவில்லை.

முதலில் கேபிள் டை போட்டேன்.
கத்திரி வெயில் மூன்றே நாளில் அதைத் தின்றுவிட்டது.
புதுப்பேட்டையில் கேட்டால்
"ஜோடியாத்தான் வரும், ஆயிரத்து இருநூறு."
வலதுபக்கம் நல்லாத்தானே இருக்கு என்றேன்.
"செருப்பை ஒத்தையா விப்பாங்களாம்மா?"

ஞாயிறு மத்தியானம், கீழ்த்தளப் பார்க்கிங்.
மோட்டார் ரூம் பல்புக்கு அடியில் நிறுத்தி
ஆலன் கீயைச் செருகினேன்.
போல்ட் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது,
ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டிவிட்டு
ஒன்றும் செய்யாத எங்கள் மேனேஜர் மாதிரி.

கண்ணை மூடி விரல்நுனியால் தேடினேன்.
துரைக்கண்ணு சாரின் நரம்பை அப்படித்தான் தேடுவது,
தோலுக்கடியில் அயிரைக்குஞ்சாய் நழுவும்.
கிடைத்தது.
கிளாம்ப்புக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே
நகம் நுழையும் அளவு சந்து.
இத்தனை நாள் ஊரைக் கூட்டியது
இந்தக் கொஞ்சூண்டு.

சைக்கிள் ட்யூப் துண்டு இருந்தால் போதும்.
ஞாயிற்றுக்கிழமை யார் கடை திறந்திருக்கும்?
வேலைப்பைக்குள் கைவிட்டேன்.
புஜத்தில் கட்டுகிற ரப்பர் பட்டை,
இழுவை போய் ஒதுக்கியது, அகப்பட்டது.
கத்தரித்து இரண்டு சுற்று சுற்றினேன்.
"விரலை நல்லா மடக்கிக்கோங்க" என்று
வாய் தானாகச் சொல்லிவிட்டது.
வண்டி மடக்கவில்லை.
வாட்ச்மேன் பலராமன் மட்டும் எட்டிப் பார்த்தார்.

மரை பிடிக்க ஏதாவது பசை வேண்டுமே.
அலமாரியில் நகப்பூச்சு, ஊதா.
தீபாவளிக்குப் போட்டு
மறுநாளே லேபில் துடைக்கச் சொன்ன ஊதா.
மரைமேல் இரண்டு சொட்டு விட்டு
அரைத் திருப்பு. இன்னும் கால்.
அதற்குமேல் போகவில்லை.
கட்டை அவிழ்க்க மறந்து
ஒருவரின் கை நீலமாய்ப் போன நாளில்
இறுக்கத்துக்கும் ஓர் அளவுண்டு என்று
தெரிந்துகொண்டிருக்கிறேன்.

ராத்திரி முழுக்கக் காயட்டும்.
தூரிகையில் மிச்சம் இருந்ததை
இடதுகால் சுண்டுவிரலில் இழுத்துக்கொண்டேன்.
ஷூவுக்குள் எந்த மேனேஜர் வந்து பார்ப்பார்.

திங்கள், ஐந்தே முக்கால்.
பெரம்பூர் பாலம் இறங்கி
மெட்ரோ தோண்டிய குண்டுகுழியில் வேண்டுமென்றே விட்டேன்.
மூன்றாவது கியர். நாற்பது.
கார்டு வாயே திறக்கவில்லை.
ஐஸ் பெட்டிக்குள் டியூப்கள் ஒன்றையொன்று தொடுவதுகூடக் கேட்டது.

துரைக்கண்ணு சார் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.
மற்ற நாளில்
தெருமுனையிலேயே சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுத்
திண்டில் முழங்கையை வைத்துத் தயாராக இருக்கிறவர்.
மணி அடித்தேன்.
மறுபடி அடித்தேன்.
உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கடகடன்னு சத்தமே வரலியேம்மா.
இன்னைக்கு லீவுன்னு நெனச்சு
இப்பதான் காபி குடிச்சேன்."