ஆயிரம் மடங்கு

பலூஸ் குன்றுகளில் இன்று கோதுமை அறுவடை.
பதர் எங்கள் ஆய்வுக்கூடக் கதவிடுக்குவரை
வந்துவிட்டது.
உள்ளே, பன்னிரண்டு மீட்டர் துப்பாக்கி
தன் குழலிலிருந்த காற்றையெல்லாம் கொடுத்துவிட்டுக்
காத்திருக்கிறது.
குறி: லித்தியம் ஃபுளூரைடு படிகம் ஒன்று,
கட்டைவிரல் நகத்தளவு.

ஹல்டா எண்ணுகிறாள். மூன்று, இரண்டு.
சத்தம் பெரிதில்லை,
பக்கத்து அறையில் யாரோ
அலமாரியைச் சாய்த்தது போல.
அது காதுக்கு எட்டுமுன்
படிகம் மாவாகிவிட்டது.
மிச்சம் திரையில் ஒரு கோடு:
முதலில் கூரான முனை,
பின் சின்னச் சரிவு,
அதற்கும் பின்னால்தான் பெரிய அலை.

அந்த முனைதான் என் பிழைப்பு.

இடி வாங்கிய அணுக்கள்
'பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம்' என்று
இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் நேரம் அது,
சில நானோவினாடி.
பிறகு எங்கோ ஒரு வரிசை நழுவும்.
முழு வரிசையும் சேர்ந்தல்ல.
நெரிசலில் ஒருவர் அரையடி நகர,
அந்த அரையடி மட்டும்
ஆள் மாறி ஆள் மாறிக்
கடைசிவரை போய்ச் சேருமே, அப்படி.
இடப்பெயர்வு என்று பெயர்.
அது எத்தனை அதிகமோ
முனை அத்தனை குட்டை.

என் சமன்பாட்டில் எல்லாம் இருந்தன:
எண்ணிக்கை, வேகம், தளம், திசை.
ஆனாலும் நான் வரைந்த முனை
நிஜத்தைவிட உயரமாகவே நின்றது.
அதைக் குனியவைக்க,
நுண்ணோக்கி எண்ணிச் சொன்ன தொகையை
ஆயிரத்தால் பெருக்கினேன்.
பொருந்திவிட்டது, மயிரிழை பிசகாமல்.

ஏன் ஆயிரம்?
கட்டுரையில் 'பொருத்த மாறிலி' என்று எழுதினேன்.
கடனுக்கு மரியாதையான பெயர்.
ஆறு வருடமாக வட்டி மட்டும் கட்டிவருகிறேன்.

படிகங்களை மெருகேற்றுபவன் வேட் ஒல்ஸ்டாட்.
இந்த வாரம் அவன் விடுப்பு;
மாமாவின் அறுவடை இயந்திரத்துக்கு ஓட்டுநர் கிடைக்கவில்லை.
தேய்ப்புச் சக்கரத்தோடு மல்லுக்கட்ட
ஹல்டாவுக்குப் பொறுமை இல்லை.
பிளேடை வைத்துத் தட்டிப் பிளந்தாள்,
மேல்தோலை அமிலத்தில் கரைத்தாள்,
பொருத்தினாள். அவ்வளவுதான்.

இன்று முனை
நிமிர்ந்து நிற்கிறது.
நான் பெருக்குவதற்கு முன்பிருந்த
அந்தப் பழைய, வெட்கப்பட்டு அழித்த
உயரத்தை நோக்கி.

சாயங்காலம் வேட் எட்டிப் பார்த்தான்,
புருவத்தில் உமி, கழுத்தில் வெயில் எரிச்சல்.
கோட்டைக் காட்டினேன்.
கொஞ்சநேரம் பேசவில்லை.
"கண்ணாடி மாதிரிதானே ஆக்கிக் கொடுத்தேன்?"
"ஆமாம்," என்றேன். "அந்தக் கண்ணாடிக்கு
ஒரு முடியளவு அடியில்."
உன் கை என்று சொல்ல வாய் வரவில்லை.
நுண்ணோக்கியில் நான் எண்ணியது
எப்போதும் படிகத்தின் நடுவயிற்றை.
ஓரத்தைப் பார்க்கத் தோன்றவே இல்லை;
அது அவ்வளவு பளபளப்பாக இருந்தது.

அவன் போனபிறகு நிரலைத் திறந்தேன்,
வரி இருநூற்றுப் பதினாறு.
ஆயிரத்தை அழித்துவிட்டு
ஓடவிட்டேன்.

பொருந்தவில்லை.
இன்னும் ஏழு மடங்கு இடிக்கிறது.
அது வேட் இல்லை, ஹல்டாவும் இல்லை.
வெளியே விளக்குப் போட்டுக்கொண்டு
இரவிலும் அறுக்கிறார்கள்.
நான் ஏழு என்று தட்டவில்லை.
அந்த இடத்தைக் காலியாக விட்டு
மின்விசிறியை நிறுத்தினேன்.