இரண்டாவது குழி

ஒரு பக்கம் பத்துக் காசு.
சுங்கை மெர்பாவில் என் போட்டோஸ்டேட் கடை ஒன்றுதான்
இரண்டு சங்கத்துக்கும் பொது.

மேல் டிவிஷன் மரண சகாய நிதி.
கீழ் டிவிஷன் மரண சகாய நிதி.
முன்பு ஒன்றாய்த்தான் இருந்தது.
யார் வீட்டுச் சாவுக்கோ இரவல் போன
பதினாறு இரும்பு நாற்காலியில்
பன்னிரண்டுதான் திரும்பி வந்தது.
வராத அந்த நாலு நாற்காலியில்
இருபத்தாறு வருஷமாய்
ஊரே உட்கார்ந்திருக்கிறது.

மேலுக்குத் தலைவர் கன்னியப்பன் வருவார்:
“அவன் போட்டதைவிட எழுத்து ஒரு சுற்று பெரிசா.”
அவர் மோட்டார் சத்தம் பாலம் தாண்டியதும்
கீழுக்குச் செயலாளர் தவமணி:
“அவன் எத்தனை அடிச்சான்?”
சொல்ல மாட்டேன்.
எதற்கும் ஐம்பது கூடப் போடச் சொல்வார்.
இந்தப் பகையில் எனக்கு வருத்தம் என்றால்
என் கடை மையே நம்பாது.

ராக்கம்மா இரண்டிலும் சந்தா கட்டினாள்.
முதுகில் பம்பு சுமந்து
முப்பத்தோரு வருஷம் செம்பனைக் காட்டில்
லாலானுக்கு மருந்து அடித்தவள்.
நகமெல்லாம் மஞ்சள்.
“அது செத்ததே இல்ல தம்பி.
தலையக் குனியும். நான் அடுத்த நெரைக்குப் போனதும்
பின்னால நின்னு பாக்கும்.”
ரசீது நகலெடுக்க வந்தவளிடம் கேட்டேன்,
எதுக்கு ரெண்டு?
“அவனுங்க அடிச்சிக்கிட்டாத்தான்
எனக்குக் குழி ஆழமா கெடைக்கும்.”

ஐப்பசியில் ஒரு செவ்வாய் இறந்தாள்.
இரண்டு வேன். இரண்டு கூடாரம்.
ஒன்றின் தாளத்தை ஒன்று தப்பவைக்கும்
இரண்டு மேளம்.
நடுவில் ராக்கம்மா, வாய்க்கட்டோடு.
மயானத்தில் இரவோடு இரவாக வெட்டிய
இரண்டு குழி, பத்தடி இடைவெளியில்.
ஐம்பது காசைச் சுண்டினார்கள்.
பூப்பக்கம் விழுந்தது. மேல் டிவிஷன்.
ஒரு பிணத்தை ஜெயிப்பது எப்படி இருக்கும் என்று
கன்னியப்பன் முகத்தில் பார்த்தேன்.
பெரிதாய் ஒன்றுமில்லை, வேர்த்திருந்தது.

மற்றது திறந்தே கிடந்தது.
மூடினால் தோற்றதாகும் என்றது கீழ்.
வெட்டினவன் மூடட்டும் என்றது மேல்.
வாய் திறந்த குழி ஆள் கேட்கும் என்பார்கள்.
அந்த மாதம் யார் இருமினாலும்
இரண்டு டிவிஷனும் திரும்பிப் பார்த்தன.
கன்னியப்பன் தேநீருக்குச் சீனியை நிறுத்தினார்.
தவமணி தன் இரத்தப் பரிசோதனைத் தாளை
என்னிடம்தான் நகலெடுத்தார்,
நான் படிக்காதபடி கவிழ்த்துப் பிடித்து.

மழை.
குழியில் தவளை.
தவளைக்குப் பாம்பு.
பாம்பைத் தேடி ஆலைப் பக்கமிருந்து ஓர் உடும்பு.
அவற்றில் எதுவும்
என்னிடம் நோட்டீஸ் அடிக்க வரவில்லை.

கடைசியில் மூடியது ஷொஹேல்.
குலை வெட்ட வந்த வங்காளதேசப் பையன்.
அவன் ஆடு உள்ளே விழுந்துவிட்டது.
தூக்கி மேலே விட்டு,
தன் மொழியில் யாரையோ திட்டிக்கொண்டே
ஒரே மத்தியானத்தில் மண்ணைத் தள்ளி முடித்தான்.

மறுநாள் கடைக்கு இரண்டு நோட்டீஸ் வந்தன.
பொதுநலன் கருதிக் குளியை மூடியது
எங்கள் சங்கமே.
இரண்டிலும் அதே பிழை.
நான் திருத்தவில்லை.
நூற்றைம்பது பிரதி, பிறகு இருநூறு.

நேற்று பாக்கி கேட்கப் போன வழியில்
மயானத்தில் வண்டியை நிறுத்தினேன்.
ராக்கம்மா மேட்டில் லாலான்,
ஊசி ஊசியாய்,
அவள் படுப்பதற்காகவே காத்திருந்ததுபோல.
நடுவில் ஷொஹேலின் ஆடு.
அவசரமே இல்லாமல்,
ஒரு நெரை விடாமல்,
மென்றுகொண்டிருந்தது.