ஏழாவது தீர்மானம்

ஜனவரி கடைசி ஞாயிறு. ஆராதனை முடிந்து
கேசரோலும் காப்பியும் முடிந்து
ஏழாவது தீர்மானத்துக்கு வந்தோம்.
வழக்கப்படி போதகர் எழுந்தார்.
அவர் சம்பளத்தைப் பேசும் அறையில்
அவர் இருக்கக் கூடாது.
கையுறையைத் தேடி எடுத்துக்கொண்டு
வெளியே போனார் ஓரின் ட்வைட்.
வடக்கு டகோட்டாவில் அன்று
பூஜ்யத்துக்குக் கீழே இருபது.

நான் பொருளாளர். பதினாறு வருடம்.
விதையும் உரமும் விற்கும் கடையில்
கணக்கெழுதிப் பழகிய கை.
ஆளுக்கொரு தாள் கொடுத்தேன்:
சம்பளம், ஓய்வூதியம், பெட்ரோல்,
அப்புறம் குருமனை.

அந்த வரியில் விரலை வைத்து
ஆர்விட் ஸ்கோக்மோ கேட்டார்:
"வீடு சும்மாதானே தர்றோம்?"

சும்மா.
அந்தச் சொல்லை நான் கூட்டிப் பார்த்திருக்கிறேன்.
வாடகை என்று ஒரு காசும் அவர் கைக்கு வருவதில்லை,
வந்ததாக வைத்து வரி மட்டும் போகிறது.
இருபத்திரண்டு வருட ஊழியத்தில் ஐந்து வீடுகள்,
ஒன்றிலும் ஓர் ஆணி அவருடையதில்லை.
படுக்கையறைச் சுவருக்கு என்ன நிறம் என்று
நாங்கள் ஓட்டெடுத்தோம். வெளிர் மஞ்சள் ஜெயித்தது.
கொதிகலன் நின்றுபோன நவம்பரில்
கட்டடக் குழு டிசம்பரில் கூடியது.

குருமனைக்கு ஏழு சாவிகள்.
ஒன்று என் கைப்பையில்.
டொலோரஸ் ப்ரெக்கெ தட்டாமலே உள்ளே போய்
ஆப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்,
வந்த கையோடு ஊருக்குச் சொன்னாள்:
பத்து மணிக்கும் ஜோலீன் படுக்கையில்.
முதியோர் இல்லத்தில் ராத்திரி முழுக்க
அவள் யாருடைய அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தாள்
என்று டொலோரஸ் சொல்லவில்லை.
அவளுடைய அப்பாவைத்தான்.

"முன்னாடி இருந்த ஐயர் சம்சாரம் ஆர்கன் வாசிச்சாங்க."
"பிரசங்கம் நல்லாத்தான் இருக்கு, பதினஞ்சு நிமிஷம் போதாதா?"
"வாலிபப் பிள்ளைங்க ஏன் வர்றதில்லை?"
"பழைய பாட்டையெல்லாம் ஏன் மாத்துறார்?"
கேட்டவர் இருவரும் ஒரே பெஞ்சில்.
கூலியைப் பற்றிய வசனம் எல்லோருக்கும் மனப்பாடம்.
அன்றைக்கு யாருக்கும் வாயில் வரவில்லை.

எனக்கும்தான்.
போன மார்ச்சில் என் அம்மா ஃபார்கோ ஆஸ்பத்திரியில்
மூச்சை எண்ணிக்கொண்டிருந்த ராத்திரி
மூன்று மணிக்குப் பனிப்புயலில் வந்து நின்றார்.
போக வர நூற்றெண்பது மைல்.
அதை அவர் எழுதித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.

யாரோ ஜன்னலைக் காட்டினார்கள்.
போதகர் மண்வெட்டியோடு நின்றார்.
எங்கள் கார்களுக்குப் பின்னால் குவிந்த பனியை
ஒவ்வொன்றாக அள்ளித் தள்ளிக்கொண்டிருந்தார்.
அறை ஒரு நிமிடம் பேசவில்லை.

பிறகு மைரன் ஹாக்லண்ட் தொண்டையைச் செருமினார்:
"பனி அள்ளுற ஆளுக்கு வருஷம் அறுநூறு டாலர் கொடுக்கிறோமே,
அதை நிறுத்தலாம் போலிருக்கே."
சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன்
ஒருவர் வழிமொழிந்தார்.
யாரென்று நிமிராமலே எழுதினேன்.

சம்பள உயர்வு இரண்டு சதவீதம்.
சீட்டுகளை மடிப்புப் பிரித்து எண்ணினேன்.
ஆதரவு இருபத்தேழு. எதிர்ப்பு இருபத்துநாலு.
இருபத்துநாலில் ஒன்று என் கையெழுத்து.
கூரைக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று
எனக்குத்தானே தெரியும்.
அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டோம்.
புருவத்தில் பனி ஒட்டியிருந்தது.
முடிவு என்ன என்று கேட்கவில்லை.
"அந்த நீலக் கார் யாருடையது?
முன்விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.
பூட்டியிருந்தது, என்னால் அணைக்க முடியவில்லை."

கைப்பைக்குள் துழாவினேன்.
முதலில் விரலில் பட்டது
வேறு சாவி.