அறுபத்து நான்கு கே.பி.

முத்தியால்பேட்டையில், மாவு மில்லுக்கு மேல்மாடி.
கீழே மிளகாய் அரைத்தால் மேலே
ஐந்து பேரும் தும்முவோம்.
நாலு மணிக்கு மேல் கேழ்வரகு.
அப்போதுதான் உருப்படியாக ஏதாவது நடக்கும்.

பெங்களூர்க்காரன் அனுப்பிய குறுந்தகட்டில்
ஒரு யுத்தம் முழுசாக இருந்தது.
அறுநூறு எம்.பி. புகை, பனி, இரும்புக் கதவு,
தரையில் உருளும் தோட்டாக் கூடு வரை.
அதை அறுபத்து நான்கு கே.பி.க்குள் அடக்கி
செல்போனில் ஓட்டித் தரணும்,
தீபாவளிக்கு முன்னால்.
மரியசூசை சிரித்தான்:
"கல்யாண மண்டபத்தைத்
தீப்பெட்டிக்குள் மடிக்கச் சொல்றான்.
உள்ளே பந்தியும் நடக்கணுமாம்."

முதலில் வானத்தை எடுத்தோம்.
சுடுகிறவன் எவனும் மேலே பார்ப்பதில்லை.
அப்புறம் பனி. அப்புறம் நிழல்கள்.
கதவு திறக்கும் ஓசை போயிற்று,
கதவுகளே போயின,
எல்லா அறையும் எல்லாருக்கும் திறந்து கிடந்தது.
துப்பாக்கிக்கு ஒரே ஒரு 'டிக்'.
பல்லி சொல்வது மாதிரி இருக்கு என்றாள் ஃபிலோமின்.
எந்தத் திசைப் பல்லி, என்ன பலன் என்று
பஞ்சாங்கம் பார்த்தான் காசிலிங்கம்.
அப்படியே விட்டுவிட்டோம்.

இரண்டு, முன்னே. எட்டு, பின்னே.
நாலும் ஆறும் திரும்ப.
ஐந்து, சுட.
சோதித்துப் பார்க்க
காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய
பழைய போன் ஒன்றில்
ஐந்து மட்டும் தேய்ந்து வழுக்கையாக இருந்தது.
எங்களுக்கு முன்பே யாரோ
ஐந்து நிறைந்த ஒரு எண்ணை
விடாமல் அழைத்திருக்கிறார்கள்.
அந்தப் பக்கம் எடுத்தார்களோ என்னவோ.

மொத்தம் பதினொரு போன்,
பங்காளிகள் மாதிரி, ஒன்றுக்கு ஆனது ஒன்றுக்கு ஆகாது.
ஒன்றில் எதிரி சுவருக்குள் புதைந்து
இடுப்புக்கு மேல் மட்டும் நீட்டிக்கொண்டு சுட்டான்.
அவனை வெளியே எடுக்க எனக்கு மூன்று இரவு.
மூன்றாம் இரவில் கரண்ட் போய்
அந்தப் போன் வெளிச்சத்தில்தான் பரோட்டா தின்றோம்.
அவன் ஓயாமல் சுட்டுக்கொண்டிருந்தான்,
சால்னாவைக் குறிபார்த்து.

படங்கள் ஃபிலோமினுடையவை.
எதிரி விழுவதை எட்டுக் கட்டங்களாக வரைந்திருந்தாள்:
முதலில் தோளுக்குத் தெரியும்,
பிறகு முழங்காலுக்கு,
முகத்துக்குக் கடைசியில்.
நாலாக்கச் சொன்னேன். ஆக்கினாள்.
நாலை இரண்டு.
ஒன்று போதும் என்றேன்.
அன்றைக்கு அவள் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.
சாயங்காலம் ஒரு கட்டம் வந்தது,
பதினாறுக்குப் பதினாறு புள்ளி.
நிற்கிறவனும் இல்லை, விழுகிறவனும் இல்லை.
எதையோ கீழே தவறவிட்டு
எடுக்கக் குனிகிற ஒருவன்.
அடுத்த நொடி அவன் இல்லை.
பிணத்தைக் கிடத்த நினைவகத்தில் இடமில்லை.

கடைசிக் கணக்கில்
முன்னூற்றுப் பன்னிரண்டு பைட் மிச்சம்.
"கை வைக்காதே, அப்படியே அனுப்பு"
என்று சொல்லிவிட்டு
டீ குடிக்க இறங்கினான் மரியசூசை.
டீ வர நேரமாகும் கடை அது.
மூன்றாம் அறையின் வடக்குச் சுவரில்
நானும் அவளும் ஒரு ஜன்னல் வைத்தோம்,
எட்டுக்கு எட்டு.
வெள்ளையாய் ஒரு கோடு,
அடியில் இரண்டு வரி நீலம்.
கடலும் கலங்கரை விளக்கமும் என்று
நாங்கள் சொன்னால்தான் உண்டு.

மாசியில் கடலூர் பஸ்.
ரெட்டிச்சாவடியில் ஏறிய பையன்
பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் யுத்தத்தைத் திறந்தான்.
டிக். குனிந்தான், இல்லை.
டிக். குனிந்தான், இல்லை.
மூன்றாம் அறைக்கு வந்ததும்
வடக்குச் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டான்.
கெட்டிக்காரன், சுட வாகான இடம்.
நான் வெளியே பார்க்கிறவன் போல
அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் பஸ் தூக்கிப்போட்டதில்
விரல் வழுக்கி நாலு அமுங்கியது. மறுபடி நாலு.
ஜன்னல் வந்தது.

கொஞ்சம் யோசித்தான்.
பிறகு அதைச் சுட்டான்.
டிக்.
கிட்டே போய் இன்னொரு தடவை சுட்டான்,
உடைகிறதா என்று பார்க்க.
உடைவதற்கு நாங்கள் பைட் ஒதுக்கவில்லை.
ஆல்பேட்டை, ஆல்பேட்டை என்று கத்தினார் கண்டக்டர்.
நான் இறங்கும்வரை
சுட்டுக்கொண்டிருந்தான்.