நடுக்கம் கடத்தாத கை

அடிநாக்குக்குப் பின்னால்
ஒரு நாவற்பழ அளவில் இருக்கிறதாம்.
"என் காலத்தில் இது மூன்றாவது"
என்றார் டொக்டர் ஒலெனிக்,
ஏதோ அபூர்வப் பறவையைக் கண்டவர் போல.

பினைன்.
இருபத்திரண்டு வருடம் இந்தச் சொல்லை
மற்றவர்களுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன்:
தீங்கில்லாதது, பயப்படாதேங்கோ.
எனக்கென்று சொல்லப்பட்டபோது
தமிழில் ஒன்றும் வரவில்லை.
தீங்கில்லாதது ஏன் சோற்றை மறிக்கிறது?
மல்லாந்து படுத்தால்
ஏன் கழுத்துக்குள் கேத்தில் கூவுகிறது?

படிவத்தில் ஒரு கேள்வி: மொழிபெயர்ப்பாளர் தேவையா?
இல்லை என்பதற்குப் புள்ளடி போட்டுவிட்டுப்
பேனையை மூடாமல் வைத்திருந்தேன்.

முந்தியென்றால் தாடையைப் பிளக்க வேண்டும்.
இப்போது வாய்வழியே ரோபோவின் கைகள் போகும்.
அவர் மூலையில், ஒரு பெட்டிக்குள் முகம் புதைத்திருப்பார்.
அங்கே விரல் ஓரங்குலம் அசைந்தால்
இங்கே கடுகளவு.
"என் கை நடுங்கினால்
அதை மட்டும் அது உள்ளே கடத்தாது."

எனக்குச் சிரிப்பு வந்தது.
என் தொழில்தான்; விதி மட்டும் வேறு.
அகதி விசாரணை அறையில்
ஒருவர் இரண்டுதரம் தடுக்கினால்
நானும் இரண்டுதரம் தடுக்க வேண்டும்,
அவர் 'நான்' என்றால்
நானும் 'நான்' என்றே.
போன மாசியில் ஒரு விசுவமடுக்காரர்
(பெயர் சொல்லேன், சத்தியம் செய்திருக்கிறேன்)
தங்கச்சி என்ற சொல்லில் நின்றுவிட்டார்.
நானும் நின்றேன்.
ஒலிப்பதிவில் அது பதினொரு விநாடி.
நடுக்கத்தை வடித்துவிட்டால்
வழக்கில் என்ன மிஞ்சும்?

கல்கரியில் அன்று மைனஸ் இருபத்தாறு.
தாதி ரொவீனா பத்திலிருந்து எண்ணச் சொன்னாள்.
பத்தும் ஒன்பதும் ஆங்கிலத்தில் சொன்னேன்.
எட்டு தமிழில் வந்தது.
ஏழு ஞாபகமில்லை.

முழுசாக வந்ததாம், உரித்த லிச்சி போல.
பத்து நாள் வாய் திறக்கக்கூடாது.
கையில் ஒரு வெள்ளைப் பலகை.
தவநேசன் டெலிபோனில் என் மச்சாளுக்குச் சொல்கிறார்:
"சுகமா இருக்கிறா. நோ இல்லையாம்."
'இருக்கு' என்று எழுதி நீட்டினேன்.
வாசித்தார், தலையாட்டினார்,
"ஓம், நோ இல்லையாம்."
எங்கள் சங்கத்தில் என்றால்
அன்றைக்கே அட்டையைப் பறித்திருப்பார்கள்.

பதினோராம் நாள் காலை
குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு
மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்: நான்.
தகரத்தில் மணலை இழுத்தது போல
கரகரத்து,
நடுவில் ஒருதரம் உதறி.

திரும்பச் சொன்னேன்.

"ஆரோட கதைக்கிறாய்?" என்றார்
கதவுக்கு வெளியே தவநேசன்.