கழித்த வாளி

அடுப்பு பற்றவைக்க
பெர்மெட்டுக்குப் பள்ளி கொடுப்பது
போன வருடத்துப் பரீட்சைத் தாள்கள்.
நாரின் நகரம். விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
கொதிகலனின் வாயில் திணிக்கும் முன்
ஒரு தாளையாவது படித்துவிடுவாள்.

இன்றைக்குக் கையில் வந்தது நாலாம் வகுப்பு:
"சுற்றுலா போகும் பிள்ளைகள் நூற்று முப்பது பேர்.
ஒரு பேருந்தில் நாற்பது பேர் உட்காரலாம்.
எத்தனை பேருந்து வேண்டும்?"
தாலாய்பெக் என்றொரு பையன்
படிப்படியாகத்தான் செய்திருக்கிறான்.
நூற்று முப்பதை நாற்பதால் வகுக்க
ஈவு மூன்று, மீதி பத்து.
விடை: மூன்று பேருந்து.
பத்துப் பேர் நடப்பார்கள்.
அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.

சிரித்துவிட்டாள்.
அதை மட்டும் எரிக்காமல்
கையுறைக்குள் மடித்து வைத்தாள்.

நேற்று தலைமையாசிரியர் படியிலேயே நின்று கேட்டார்,
"ஏப்ரல் வரைக்கும் கரி தாங்குமா?"
"பார்க்கலாம்" என்றாள்.
பார்க்கலாம் என்பது விடையல்ல,
அது அவளுக்கும் தெரியும்.

ஒரு கரித்துண்டை எடுத்துச்
சுண்ணாம்புச் சுவரில் எழுதினாள்.
குவியலில் ஆறாயிரத்து முந்நூறு கிலோ.
நாளுக்குத் தொண்ணூறு.
ஞாயிற்றுக்கிழமை முப்பது,
குழாய்த் தண்ணீர் உறையாதிருக்க மட்டும்.
எதுவரை?
கரித்துண்டு அங்கே கொஞ்சம் நின்றது.
ஏப்ரல் பன்னிரண்டு என்று போட்டாள்.
பனியை யாரும் கேட்கவில்லை.

ஆறு தொண்ணூறு ஐந்நூற்று நாற்பது,
ஞாயிறு சேர்த்தால் வாரத்துக்கு ஐந்நூற்று எழுபது.
பதினோரு வாரம் போகும்.
மீதி முப்பது:
ஒரு ஞாயிறுக்குக் காணும்.
ஆனால் அடுத்து வருவது திங்கள்.

பதின்மூன்று வாரத்துக்கு
ஆயிரத்து நூற்றுப்பத்து குறைகிறது.
வசந்த விடுமுறை உண்டே!
ஏழு நாள், நாளுக்கு அறுபது மிச்சம்,
நானூற்று இருபதைக் கழித்தாள்.
பிறகு கையாலேயே அழித்தாள்.
ஞாயிறு ஏற்கெனவே ஞாயிறுதான்,
அதிலிருந்து என்ன மிச்சம் வரும்?
ஆறு நாள். முந்நூற்று அறுபது.
ஆகக் குறைவது எழுநூற்று ஐம்பது.

பள்ளி நடக்கும் நாள் எழுபத்திரண்டு.
வகுத்தால் பத்தும் கொஞ்சமும்.
அவள் வாளி பதினொரு கிலோ பிடிக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு வாளி.
அவ்வளவுதான் கணக்கு.
எந்த வாளி என்பது
கொடுக்கப்பட்டவற்றில் இல்லை.

காலை முதல் வாளியைக் கழித்தால்
ஒன்றாம் வகுப்பின் விரல்கள்
பென்சிலைப் பிடிக்காது.
பத்து மணி வாளியைக் கழித்தால்
ஜன்னலின் உட்பக்கம் பனிப்பூ பூக்கும்.
மாலையில் முடியாது,
மாலை வகுப்புக்கு வெளிச்சமே பாதிதான்.

துடைப்பத்தை எடுத்தாள்.
தரையைக் கூட்டினாள்.
பெருக்கினாள் என்றும் சொல்லலாம்.
எப்படிச் சொன்னாலும்
கரித்தூள் குறைந்தபாடில்லை.

துடைப்பம் பாதியில் நின்றது.
பன்னிரண்டரை.
காலைப் பிள்ளைகள் எழுந்து போய்
மாலைப் பிள்ளைகள் வந்து உட்காரும் நேரம்.
முப்பத்தாறு பேர் நாலரை மணி நேரம்
மூச்சு விட்ட அறை,
கோட்டும் கம்பளிக் காலுறையும்
சண்டையும் ஒப்பித்தலுமாக
தானே கொஞ்சம் எரிந்துகொண்டிருக்கும் அறை.
அந்தச் சூட்டை எந்தத் தாளிலும்
யாரும் கிலோவில் எழுதியதில்லை.

சுவரில் எழுதினாள்:
பன்னிரண்டரை வாளி இல்லை.

எட்டு மணிக்குத் தலைமையாசிரியர் வந்தார்.
"தாங்குமா?"
"தாங்கும்."
சுவரை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார்,
எங்கேயும் குறி போடவில்லை.

எழுபத்திரண்டு வாளி எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
தேவைக்கு மேல் நாற்பத்திரண்டு கிலோ.
அதை அவரிடம் சொல்லவில்லை,
சுவரிலும் எழுதவில்லை.
நடக்கவிட்ட அந்தப் பத்துப் பேர்
என்றாவது ஒரு நாள்
வந்து சேர்வார்கள் அல்லவா,
குளிரோடு.