இருபத்தெட்டு நிமிடம்

புக்கிட் கெலாடியின் கடைசிக் கடைவரிசை.
நம்பர் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே
இரவிலும் கதவு மூடாத டோபி.
ஐந்து ரிங்கிட் போட்டால்
இருபத்தெட்டு நிமிடம் சுற்றும்.
விட்டுவிட்டுப் போக முடியாது.
போன வருசம் யாரோ
என் புதுப் போர்வையைத்
தங்கள் போர்வையாக்கிக்கொண்டார்கள்.

அதனால் உட்கார்ந்திருப்போம்.
சுவரில் முதலாளி ஒட்டிய தாள்:
துவைக்காதவர் இங்கே உட்காரக் கூடாது.
செம்பனை ஆலையின் வாடை
எல்லாருடைய சட்டையிலும் ஒன்றுதான்.

முதலில் பேச்சே இல்லை.
அவரவர் போன், அவரவர் வெளிச்சம்.
ஷஹாதத்தான் ஒருநாள் கேட்டான்,
வயிற்றுக்கு மேலே எரிகிறது,
கிளினிக்கில் இதை எப்படிச் சொல்வது?
அவன் கேட்ட மலாயும் தப்பு,
நான் சொன்ன மலாயும் தப்பு.
துணி மடித்துக்கொண்டிருந்த காக் ரொஹாயு
இரண்டு பேரையும் திருத்தினார்:
பெடிஹ் உலு ஹாத்தி.
சிரிக்கவில்லை அவர்.
அதற்காகவே மறுவாரமும்
அதே நேரத்துக்குப் போனேன்.

மோட்டார் பிளக்கைக் கழற்றி
மணல்தாளில் தேய்க்கக் காட்டினான் ஷஹாதத்.
அமிர்தவல்லி கையில் நகம் தெரியாத கறுப்பு,
இப்போது தானே தேய்க்கிறாள், தானே உதைக்கிறாள்.
லோரி ஓட்டும் குணராஜுவுக்கு
கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்.
மெஷின் பொத்தானின் எழுத்துகளை
விரலால் தொட்டுத் தொட்டு
பா… நா… பானாஸ் என்று கூட்டினார்.
வெந்நீர்!
அன்றைக்கு அவர் சட்டை சுருங்கியது வேறு கதை.
எனக்கு நாற்பத்தாறு.
சதவீதம் என்றால் என்னவென்று
சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் கற்றேன்.
பிடித்த காசு கூடப் பிடித்த காசு என்று
கணக்கு சொன்ன ராத்திரி
தூக்கம் வரவில்லை.

டிசம்பர் மழையில் கடிதம் வந்தது.
அறுபத்திரண்டு வீட்டுக்கும் ஒரே கடிதம்.
மேல் தோட்டத்துக்கு முன்பொரு தரம் வந்தபோது
சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தோம்.
லோரி வந்து நின்றபிறகுதான்
தேதி தெரிந்தது.

இந்தத் தடவை டோபிக்குக் கொண்டுபோனோம்.
நனையாமல் சட்டைக்குள் வைத்து.
குணராஜு வரிவரியாக ஊர்ந்தார்.
இரண்டாம் பக்கத்தின் அடியில்
ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டார்:
பந்… தா… ஹான்.
காக் ரொஹாயு கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தார்.
எதிர்ப்பு, என்றார்.
எழுதிக் கொடுக்கலாம். பதினான்கு நாள்.
கடிதத்தின் தேதி மூன்று.
இன்றைக்கு எட்டு.
மீதி ஒன்பது என்று முதலில் சொன்னது
என் வாய்தானா?

மெஷின்கள் ஒவ்வொன்றாய் நின்றன.
எழுதப் பாதிகூட ஆகவில்லை.
முதலாளியின் மகன் வாசலில் நின்று
தாளைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்.
ஷஹாதத்துக்கு இங்கே வீடு கிடையாது,
கொங்சியில் பதினோரு பேரோடு படுக்கிறான்.
எழுந்து போய்க்
காலி மெஷினுக்குள் ஐந்து ரிங்கிட் போட்டான்.
ஒரு துணியும் இல்லாமல்
தண்ணீர் மட்டும் சுழன்றது.
இன்னும் இருபத்தெட்டு நிமிடம்.

நாற்பத்தேழு பேர் கையெழுத்திட்டார்கள்.
பதினைந்து பேருக்குப் பயம்,
அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.
விசாரணை மார்ச்சில்.
வீடு நிற்குமா, தெரியாது.

உலர்த்தி இன்னொரு ரிங்கிட் கேட்கிறது.
கேட்கட்டும்.
காக் ரொஹாயு ‘ழ’வோடு மல்லுக்கட்டுகிறார்.
நாக்கை மடியுங்கள், இன்னும் உள்ளே என்கிறாள் அமிர்தவல்லி.
வெளியே தகரத்தில் ஓயாமல் பெய்கிறது,
அவர் வாயில் இன்னும்
மளையாக.